முப்பத்தெட்டுப் படிகளுக்கு வெளிச்சம்

கொல்லிமலையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டுக் கரடுமுரடான கல்படிகளில் இறங்கித்தான் வாசலுக்குப் போக முடியும். முப்பத்தெட்டுப் படிகள், நடுவில் மூன்று திருப்பங்கள். நாங்கள் வீடு பார்க்க வந்தது ஒரு பகல் பதினொரு மணிக்கு. படிகளின் இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. கீழே பள்ளம் முழுக்க வெயில். நான் அங்கேயே சரி என்று சொல்லிவிட்டேன். செம்மேட்டில் ஓர் அரசு அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்திருந்தேன். பணி ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. என் கணவர் முந்தைய வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். கணக்கு வாத்தியார். அவர் வீட்டைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. படிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இறங்கினார். வாத்தியார் புத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை பிடித்த பிறகுதான் அந்தப் படிகளின் குணம் தெரிந்தது. ஆறு மணிக்கெல்லாம் மூட்டம் இறங்கிவிடும். நான் அலுவலகம் முடிந்து வரும்போது அவர் பைக்கோடு பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் காத்திருப்பார். நான் ஏறி உட்கார்ந்த பிறகும் கிளம்ப மாட்டார். குண்டூர் நாடு என்று இங்கே சொல்லும் ஊர்களுக்கு எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிற பஸ் ஒன்று அந்த நேரத்துக்குப் புறப்படும். அது கிளம்பும்வரை நிற்பார். பிறகு வழி முழுக்க அதன் பின்னாலேயே போவார். புகை எல்லாம் என் முகத்தில். முந்திக்கொண்டு போனால் என்ன என்று தினமும் கேட்பேன். மலை ரோட்டில் என்ன அவசரம் என்பார். இதற்கு நான் பஸ்ஸிலேயே வந்திருக்கலாமே என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்திருப்பேன். வீடு வந்ததும் அடுத்த பாடு. தோளில் ஹேண்ட்பேக், ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் செல்போன் டார்ச். அவர் எனக்குப் பின்னால், என் தோளில் கை வைத்தபடி இறங்குவார். எனக்கு ஆதரவாகப் பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு நாள் பாசியில் என் கால் வழுக்கி நான்கு படி உட்கார்ந்தபடியே இறங்கினேன். அடி பெரிதாக இல்லை. ஆனால் தக்காளி உருண்டு போய்விட்டது, கோபம் வந்துவிட்டது. படிக்கு விளக்குப் போட்டே தீர வேண்டும் என்றேன். ஒரு டியூப் லைட் மாற்றுவதற்கே பத்து நாள் யோசிக்கிற மனிதர், "போட்டுரலாம்" என்று அடுத்த நொடியே சொன்னார். ஆச்சரியமாக இருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளிடம் சொன்னேன். அவள் ஆன்லைனில் தேடி ஒரு டஜன் சோலார் விளக்குகளை அனுப்பிவைத்தாள். மண்ணில் குத்தி வைத்தால் போதும், பகலில் வெயிலை வாங்கிக்கொண்டு இரவில் எரியும் என்று அட்டையில் போட்டிருந்தது. மழைக்காலத்தில் இங்கே வெயிலுக்கு எங்கே போவது? ஆறரை மணிக்கு மினுங்கும், ஏழு மணிக்கு அணைந்துவிடும். இரண்டாவது வாரம் குரங்குகள் வந்து ஐந்தைப் பிடுங்கிப்போட்டன. மீதியை நானே பிடுங்கினேன்.

அடுத்ததாக நாமக்கல்லிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். தோட்ட விளக்கு மட்டுமே போடுகிறவர் என்று விளம்பரத்தில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்கினார். மலை ரோட்டின் எழுபது கொண்டை ஊசி வளைவும் சேர்ந்து அவர் முகத்தை வெளிற வைத்திருந்தன. ஒரு டம்ளர் மோர் குடித்த பிறகு கொஞ்சம் தெளிந்து, கையிலிருந்த டேப்லெட்டில் படங்களைக் காட்டினார். ஏதேதோ ரிசார்ட்டுகள். பலா மரத்துக்குக் கீழிருந்து வெளிச்சம் அடிக்கலாம், பாறைக்கு நீலம் கொடுக்கலாம் என்றார். பலா மரம் இருக்கும் இடம் எனக்குத் தெரியும், படி இருக்கும் இடம்தான் தெரிய வேண்டும் என்றேன். அதெல்லாம் வந்துவிடும் மேடம், முதலில் மொத்தமாக ஒரு அழகு வேண்டும் இல்லையா என்றார். படியை அவர் ஒரு தரம்கூட முழுசாக ஏறி இறங்கவில்லை. ஊர் போய்ச் சேர்ந்து, மொத்த வேலையையும் கொடுத்தால்தான் ஆட்களை மலைக்கு அனுப்புவேன் என்று செய்தி அனுப்பினார். அதோடு முடிந்தது.

வீட்டுக்காரம்மாதான் உள்ளூர் எலெக்ட்ரீஷியனைப் பற்றிச் சொன்னார். வீட்டுக்காரம்மா ரோட்டுக்கு மேல் பக்கம் குடியிருக்கிறார். படியை ஒட்டிய மிளகும் காப்பியும் அவருடையவை. என்னைவிட நாலைந்து வயது பெரியவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"அவன் வேலை சுத்தமா இருக்கும் அம்மிணி. ஆளைத்தான் புடிக்க முடியாது" என்றார்.

முதல் பாதியை நம்பினேன். இரண்டாம் பாதியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எலெக்ட்ரீஷியனின் கடை செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. என் அலுவலகத்திலிருந்து ஐந்து நிமிஷ நடை. கடை என்றால் பாதி இறக்கிய ஷட்டர், உள்ளே செம்புக்கம்பி சுற்றக் காத்திருக்கும் மோட்டார்கள். அவர் அங்கே இருக்கவே மாட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் போய்ப் பார்த்து, எட்டாவது நாள் பிடித்தேன். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாத ஆள். முகவரியைக் கேட்டுக்கொண்டு, நாளைக்கு வாரேனுங்க என்றார்.

அந்த ‘நாளைக்கு’ மூன்று வாரம் நீண்டது. போன் செய்தால் எடுப்பார், அதில் குறை சொல்ல முடியாது. பெரக்கரை நாட்டில் ஒரு மோட்டார் புகைந்துவிட்டது என்பார். அடுத்த முறை ஒரு சாவு. அதற்கடுத்த முறை கோயிலுக்கு சீரியல் செட். அவர் சொல்வது பொய்யா என்று விசாரித்தும் பார்த்தேன். எல்லாம் உண்மை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பொய் சொல்கிறவனாக இருந்தால் திட்டிவிட்டு வேறு ஆளைப் பார்க்கலாம். இந்த மலையில் வேறு ஆளும் கிடைக்கவில்லை.

கடைசியில் அரை நாள் லீவு போட்டு, காலையிலேயே கடை வாசலில் நின்று, கையோடு அழைத்து வந்தேன். படிகளில் ஒரு முறை இறங்கினார், ஒரு முறை ஏறினார். அவ்வளவுதான்.

"இருட்டுனப்பறம் ஒருக்கா நடந்து பாத்தாத்தானுங்க தெரியும்" என்றார்.

படி பகலிலும் அங்கேதான் இருக்கிறது, ராத்திரியிலும் அங்கேதான் இருக்கிறது என்றேன். நான் ஏற்கெனவே கிராஃப் தாளில் வரைபடம் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு கம்பம், ஆள் உயரத்துக்கு மேல், நல்ல வெள்ளை வெளிச்சம். இருபத்தைந்து வருஷமாக ஃபைல் எழுதிப் பழகிய கை. அளவு, குறிப்பு எல்லாம் சுத்தமாக இருந்தது. அதை அவரிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்க்காமல் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் மறுபடியும் வந்தது நான் இல்லாத ஒரு மாலையில். அலுவலகத்தில் தணிக்கை நடந்துகொண்டிருந்ததால் நான் அன்று தாமதமாக, உடன் வேலை பார்ப்பவரின் காரில் வந்தேன். எலெக்ட்ரீஷியன் வந்தான், பார்த்தான், போனான் என்று மட்டும் கணவர் சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் களைப்பில் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு பன்னிரண்டு நாள் எந்தத் தகவலும் இல்லை. பதின்மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தால் படியின் இடது பக்கம் முழுக்கக் குழி வெட்டிக் கிடக்கிறது. சொல்லாமல் வேலையை ஆரம்பித்திருக்கிறார். வீட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேல் திருப்பத்தில் நின்றிருந்தார். குழி வெட்டும்போது ஒரு மிளகுக்கொடியின் வேர் அறுந்துவிட்டது. ஆறு வருஷக் கொடி. அவர் எலெக்ட்ரீஷியனைத் திட்டவில்லை, என்னிடம்தான் சொன்னார். விளக்குக் கேட்டவள் நான்தானே. மன்னிப்புக் கேட்டேன். குழியைக் கொடியிலிருந்து தள்ளி வளைத்து வெட்ட இன்னும் இரண்டு நாள் ஆனது. பிறகு மழை. குழிக்குள் தண்ணீர் நின்றது. ஒரு வாரம் நாங்கள் சேற்றில் ஏறி இறங்கினோம். விளக்கு இல்லாத காலத்தில்கூடப் படி இவ்வளவு மோசமாக இருந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எலெக்ட்ரீஷியன் விளக்குகளை வைத்திருந்தார். என் வரைபடத்தில் இருந்த எதுவும் அங்கே இல்லை. கம்பமே இல்லை. முழங்காலுக்கும் கீழே குட்டைக் குழாய்கள், அவற்றின் தலையில் அவரே தகரத்தை வெட்டிக் கறுப்பு அடித்த மூடிகள். மஞ்சளாக ஒரு வெளிச்சம் அந்தந்தப் படியில் மட்டும் விழுந்தது. அதுவும் இடது பக்கம் மட்டும். இடைவெளியும் சமமாக இல்லை. ஓரிடத்தில் ஆறு படிக்கு ஒன்று. இரண்டாவது திருப்பத்தில் நான்கு விளக்குகள் ஒட்டி ஒட்டி நின்றன. கணக்குத் தெரியாதவன் வைத்த மாதிரி இருந்தது.

ஒரு மாதத்துக்கும் மேலாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் அன்று வெளியே வந்தது. வரைபடத்தை எதற்கு வாங்கிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். வேலை தெரிந்தவர் என்று வந்தால் சொன்னதைக்கூடச் செய்யவில்லையே என்றேன். எவ்வளவு பேசினேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"இதுதானுங்க மேடம் சரியா வரும்."

"ஏன் சரியா வரும்? காரணம் சொல்லுங்க தம்பி."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ சொல்ற மாதிரியே போட்டுருங்க" என்றார் கணவர்.

எலெக்ட்ரீஷியன், இந்தக் குட்டை விளக்குகளும் அப்படியே இருக்கட்டுமே என்று கேட்டுப் பார்த்தார். எடுத்துவிடுங்கள் என்றேன். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்.

கம்பங்கள் வர இன்னும் இரண்டு வாரம். ஆனால் இந்த முறை வரைபடத்தை ஒரு அங்குலம்கூட மாற்றவில்லை. ஆறு கம்பம், ஆறு வெள்ளை விளக்கு. ஒரு மாலை ஆறரை மணிக்கு சுவிட்சைப் போட்டார். படிகள் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆயின. ஒவ்வொரு கல்லும் தெரிந்தது, கல்லில் இருந்த பாசி தெரிந்தது. மேலிருந்து வீட்டுக்காரம்மா, தன் மாட்டுக்கொட்டாய் வரைக்கும் பகலாகிவிட்டது, மாடு எப்போது தூங்குவது என்று கேட்டார். எனக்கு அதுகூடப் பாராட்டாகத்தான் கேட்டது. மூன்று மாதத்துக்குப் பிறகு நான் நினைத்தது நடந்திருக்கிறது. எல்லோரும் ஒரு தரம் மேலே போய்ப் பார்க்கலாம் என்று கணவரைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். எலெக்ட்ரீஷியன் ரோட்டில் தன் ஆம்னி வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். மேலிருந்து பார்க்க இன்னும் நன்றாக இருந்தது. இறங்கும்போது நான் முன்னால் போனேன். வெளிச்சம்தான் இருக்கிறதே என்று, கணவரின் கை என் தோளுக்கு வருகிறதா எனப் பார்க்கவில்லை.

இரண்டாவது திருப்பத்தில் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவர் படியில் இல்லை. கீழே காப்பிச் செடிகளுக்குள் கிடந்தார். கம்பத்து விளக்கை நேராகப் பார்த்தபடி திருப்பத்துக்கு வந்து, அடுத்த அடியைப் படி இல்லாத இடத்தில் வைத்திருக்கிறார். எனக்கு முன்பாக எலெக்ட்ரீஷியன் ஓடி வந்து இறங்கினார். பின்னாலிருந்து இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார். வலது மணிக்கட்டு வளைந்து தொங்கியது. கணவர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. "இருபதா, இருபத்தொண்ணா" என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆம்னியிலேயே செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது நானும் எலெக்ட்ரீஷியனும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"சாருக்கு இருட்டுனாக் கண்ணு தெரியறதில்லீங்க மேடம்" என்றார். "அன்னிக்கு நான் சாயங்காலம் வந்தனுங்களே, அன்னிக்கே தெரிஞ்சு போச்சுங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அன்று அவர் கையில் டார்ச்சோடு முன்னால் நடக்க, என் கணவரைப் பின்னால் வரச் சொல்லியிருக்கிறார். கணவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இறங்கியிருக்கிறார். நடுவில் பேச்சுக் கொடுத்ததும் எண்ணிக்கை தவறி அப்படியே நின்றுவிட்டார். டார்ச் வெளிச்சம் தற்செயலாக முகத்தில் பட்ட பிறகு வெகு நேரம் அடியெடுத்து வைக்கவே இல்லை. அதனால்தான் கண்ணில் படாத மாதிரி மூடி போட்டு, காலடியில் மட்டும் வெளிச்சம் விழும்படி வைத்திருக்கிறார். கணவர் இடது கையால் மரத்தைத் தடவிக்கொண்டு இறங்குகிறவர் என்பதால் இடது பக்கம். எங்கெங்கே அவர் கால் தடுமாறியதோ அங்கே நெருக்கமாக. இரண்டாவது திருப்பத்தில்தான் அதிகம் தடுமாறியிருக்கிறார்.

நான் விளக்குகளைப் பற்றி யோசிக்கவில்லை. பைக்கைப் பற்றி யோசித்தேன். எத்தனை மாதங்களாக, எத்தனை மாலைகளில், மூட்டத்துக்குள், ஒரு பக்கம் பள்ளம் இருக்கும் ரோட்டில் அவர் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

மறுநாள் காலை வீட்டில் கணவர் எழுந்ததும் கேட்டேன். எத்தனை நாளாக என்றதற்கு, ஓய்வு பெறுவதற்கு முன்பே லேசாக இருந்தது என்றார். மாலை வகுப்பு எடுக்கும்போது கரும்பலகை மங்கியதாம். வயசு என்று விட்டுவிட்டாராம்.

"படியை எண்ணிக்கிட்டு வந்தீங்க. ரோட்ட எப்படி எண்ணுனீங்க?"

கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"பஸ்ஸுக்குப் பின்னாடி செவப்பு லைட் ரெண்டு இருக்குமில்ல. அது தெரியும். அது திரும்புனா நானும் திரும்புவேன்."

நல்ல மனைவி என்றால் அந்த இடத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். நான் பிடிக்கவில்லை. என்னையும் சேர்த்துக் கொன்றிருப்பீர்களே என்று கத்தினேன். ஏன் சொல்லவில்லை என்று நான்கைந்து தடவை கேட்டேன். கடைசியில், "சொன்னா வண்டியத் தொட விட மாட்ட. அப்பறம் நாள் பூரா ஊட்ல நான் என்ன பண்றது?" என்றார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

கோபத்தின் மிச்சத்தை எலெக்ட்ரீஷியன் கடையில் கொண்டுபோய்க் கொட்டினேன். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தக் கம்பங்களைக் கேட்டிருப்பேனா என்றேன். சுற்றிக்கொண்டிருந்த மோட்டாரைக் கீழே வைத்துவிட்டு, "தப்புதானுங்க" என்றார். சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. எதிர்த்து ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் காரணம் சொல்லாமல் நின்ற அந்தச் சனிக்கிழமை, காரணத்தைக் கண்டுபிடிக்க நானும் முயலவில்லையே என்பது கடையிலிருந்து அலுவலகத்துக்கு நடந்துவந்த ஐந்து நிமிஷத்தில் உறைத்தது.

சேலத்தில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, பாதி நாள் சோதித்தார்கள். மாலைக்கண் என்று நாம் சொல்வதுதான், ஆனால் கீரையும் கேரட்டும் தின்று தீர்கிற வகை இல்லை என்றார் டாக்டர். கண்ணின் பின்பக்கத் திரை மெல்லக் கெட்டுக்கொண்டு வருகிறது. திரும்பி வராது. எவ்வளவு வேகமாகப் போகும் என்று சொல்ல முடியாது. பளிச்சென்ற வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மாறும்போது கண் பழகவே நேரம் எடுக்கும், அதனால் மென்மையான வெளிச்சம்தான் நல்லது என்றார். வண்டி இனிமேல் கூடாது, பகலிலும். கணவர் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் பகலில் மட்டுமாவது ஓட்டலாமா என்று என்னிடம் கேட்டார். சேலம் பஸ் ஸ்டாண்டில் வைத்து அதற்கு ஒரு சண்டை.

கம்பங்களை எடுத்துவிட்டுப் பழைய குட்டை விளக்குகளையே வைக்கும்படி எலெக்ட்ரீஷியனிடம் சொன்னேன். இவ்வளவு நடந்த பிறகாவது மறுநாளே வந்து நிற்பார் என்று நினைத்தேன். ஒன்பது நாள் ஆனது. யாரோ வீட்டு மாவு மில்லில் வயர் எரிந்துவிட்டதாம். நான் போனில் பேசிய விதம் அவ்வளவு மரியாதையாக இல்லை. பத்தாம் நாள் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அன்று மாலை வேலை முடிந்த பிறகு, கணவரை மேலிருந்து கீழாக இறங்கச் சொன்னார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மேடம், நீங்க கீழ நில்லுங்க, பேச்சுக் குடுக்காதீங்க" என்றார். அலுவலகத்தில் அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டு வாசலில் நின்றேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கணவர் இறங்கினார். எலெக்ட்ரீஷியன் அவரை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, மூடியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, தெரியுதுங்களா சார், இப்பத் தெரியுதுங்களா என்று கேட்டுக் கேட்டு வைத்தார். முதலாவது திருப்பத்தில் ஒரு விளக்கைப் பிடுங்கி ஒரு படி கீழே நட்டார். மூன்று தடவை ஏறி இறங்க வைத்தார். மூன்றாவது தடவை கணவர் எண்ணவில்லை. எலெக்ட்ரீஷியனிடம் ஏதோ ஒன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே கீழே வந்துவிட்டார். எனக்கு நிம்மதி வந்ததா என்றால், வந்தது. கூடவே, என் கணவர் எங்கே தடுமாறுகிறார் என்பதை வெளியாள் ஒருவர் ஒரே மாலையில் கண்டுகொண்டதும், முப்பது வருஷமாகக் கூடவே இருக்கும் எனக்கு அது தெரியாமல் போனதும் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

பைக்கை விற்றுவிட்டோம். இப்போது நான் காலையிலும் மாலையிலும் பஸ்ஸில் போய் வருகிறேன். படிகளில் அவர் தனியாக ஏறி இறங்குகிறார். மூட்டம் கனமாக இருக்கும் நாட்களில் வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருந்தது. கை உடைந்ததற்குப் படியில் வழுக்கியதுதான் காரணம் என்று மகளிடம் கணவர் சொல்லிவைத்திருந்தார். கண்ணைப் பற்றித் தானே சொல்வதாகவும், நான் சொல்லக் கூடாது என்றும் வாக்கு வாங்கிக்கொண்டார். வாரங்கள் போயின. அவள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். அவர் மழையைப் பற்றிப் பேசுவார், மிளகு விலையைப் பற்றிப் பேசுவார், போனை என்னிடம் கொடுத்துவிடுவார். எலெக்ட்ரீஷியனை வாய்மூட வைத்த மாதிரி என்னையும் வைக்கிறீர்கள் என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப் போனது.

அடுத்த ஞாயிறு காலை அவள் போன் வந்தபோது நான் குக்கரை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கணவர் சமையலறைக் கதவோரம் வந்து நின்று, எனக்குக் கேட்கிற மாதிரி பேசினார்.

"எனக்கு இருட்டுனாக் கண்ணு தெரியலம்மா. கொஞ்ச நாளாவே அப்படித்தான். சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அந்தப் பக்கம் அவள் அழுவது ஸ்பீக்கர் இல்லாமலே கேட்டது. அழாதே, ஒன்றும் ஆகிவிடவில்லை என்று அவர் நெடுநேரம் சமாதானம் சொன்னார். கண் தெரியவில்லை என்று அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னிடம் ஒருபோதும் அவ்வளவு நேராகச் சொன்னதில்லை. அதை நினைத்து அப்போதும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. பேசி முடித்துவிட்டுப் போனை நீட்டினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, மகளிடம் சேலத்து டாக்டர் சொன்னதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் விட்டுவிட்ட இடங்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.